புளியாரைக்கு ஒரு மண்சட்டி

போன மாதம் என் மகன் புதுக் கார் வாங்கிய சந்தோஷத்தில் என்னையும் மருமகளையும் ஒரு பெரிய ஓட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போனான். விளக்கைக் குறைத்து வைத்தால்தான் மரியாதை என்று இந்த ஓட்டல்காரர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது. எனக்கு இருக்கிற கண்ணுக்கு எதிரில் இருப்பது சோறா சொம்பா என்றே புரியவில்லை. தடவித் தடவி உட்கார்ந்திருந்தேன். பரிமாறுகிற பையன் உள்ளங்கை அகலத்தில் ஒரு மண்சட்டியைக் கொண்டுவந்து பவ்யமாக வைத்தான். அதில் நாலு கரண்டி பருப்பு. பருப்புக்கு மேலே கிள்ளிப் போட்டதுபோல் கொஞ்சம் பச்சை இலை.

“அம்மா, அது சும்மா அழகுக்கு வைக்கிறது. ஓரமா எடுத்து வச்சிடுங்க” என்றான் மகன்.

ஓரமாக எடுத்து வைக்கிற பழக்கம் எனக்கு என்றைக்கு இருந்தது? வாயில் போட்டுக்கொண்டேன். நாக்கில் பட்டதும் சுருக்கென்று ஒரு புளிப்பு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மிச்ச இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சந்தேகமே இல்லை, புளியாரை. மென்றதை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அப்படியே இருந்தேன். பல் செட் கழன்றுவிட்டதோ என்று மருமகள் பயந்துபோய்த் தண்ணீரை நீட்டினாள். நல்ல பெண். அவளிடம் என்னத்தைச் சொல்ல? உங்களிடம் சொல்கிறேன்.

புளியாரையை நீங்கள் பார்த்திருப்பீர்கள், பெயர் தெரிந்திருக்காது. ஈரம் எங்கே இருக்கிறதோ அங்கே தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும். ஒரு காம்பில் மூன்று இலை, ஒவ்வொரு இலையும் நடுவில் மடித்துப் பிரித்தது மாதிரி இருக்கும். மஞ்சளாகச் சின்னப் பூ. பொழுது சாயும்போது இலைகளை மடக்கிக்கொண்டு தூங்கப் போய்விடும். காயைத் தொட்டால் போதும், படபடவென்று வெடித்து விதையை மூஞ்சியில் அடிக்கும். கொடியின் கணுவுக்குக் கணு வேர் விடும் என்பதால் இங்கே பிடுங்கினால் அங்கே தலை காட்டும். பாருங்கள், பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டேன். டீச்சர் வேலையை விட்டாலும் அது என்னை விடவில்லை.

தென்காசியில் எங்கள் வீட்டுப் பின்கட்டில், துவைக்கிற கல்லைச் சுற்றி எப்போதும் ஈரம்தான். சாரல் காலத்தில் கேட்கவே வேண்டாம். சுவரில் பாசி, துணியில் பூஞ்சை, தீப்பெட்டி உரசினால் பற்றாது. அந்த ஈரத்தில் புளியாரை தன்பாட்டுக்கு வளர்ந்து கிடக்கும். உப்பைத் தொட்டுக்கொண்டு தின்போம். ஒரு பிடி கசக்கித் தேய்த்தால் பித்தளைச் செம்பு தங்கமாகிவிடும். கறுத்துப்போன செப்புக் காசை அதில் தேய்த்துப் புதுக் காசாக்கி, அதைச் செலவழிக்க மனசு வராமல் நானும் அக்காவும் வைத்திருந்து தொலைத்திருக்கிறோம். ஆனால் அதை யாரும் பயிர் பண்ணியதில்லை. பண்ணியது என் அக்கா ஒருத்திதான்.

அக்கா பெயர் கோமதி. எனக்கு நாலு வயசு மூத்தவள். சிவகிரியில் நல்ல இடம் என்று கட்டிக்கொடுத்தார்கள். நிலபுலம், கோயிலில் முதல் மரியாதை, கூடம் நிறையப் பெயர் வெட்டிய பித்தளைப் பாத்திரம். எங்கள் அப்பா தபால் ஆபீஸ் குமாஸ்தா. அந்தப் பாத்திர வரிசையைப் பார்த்துத்தான் அப்பா மயங்கிவிட்டார் என்று அம்மா பின்னாளில் குத்திக்காட்டிக்கொண்டே இருப்பாள். அக்காவுக்கு முதல் பிள்ளை பிறக்கும்போதே உயிரில்லாமல் பிறந்தது. அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வரமாட்டாள். வெறும் தூளியை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், திடீரென்று சிரிப்பாள். மாமியார் எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு வாசலில் நின்றபடியே சொன்னாள்: “தெளிஞ்ச பெறவு சொல்லி அனுப்புங்க. வந்து கூட்டிட்டுப் போறோம்.”

தெளிவதற்குக் குற்றாலம். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் அதுதான் வைத்தியம். புத்தி கலங்கியவர்களைச் சாரல் காலத்தில் கொண்டுவந்து ஒரு மண்டலம் அருவியில் நிறுத்துவார்கள். தண்ணீர் உச்சந்தலையில் விழுந்தால் பித்தம் இறங்கும் என்று நம்பிக்கை. எங்கெங்கேயோ இருந்து வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். எங்களுக்கு எட்டுகிற தூரம் என்பதால் ஊர்க்காரர்களுக்கு இளப்பம். “உங்களுக்கென்ன, வாசல்லயே ஆஸ்பத்திரி” என்பார்கள்.

விடிந்ததும் குதிரை வண்டி. வண்டிக்குள் வைக்கோல் வாசனை, அக்கா தலையிலிருந்து நல்லெண்ணெய் வாசனை, கடைத்தெருவில் மங்குஸ்தான் பழத்தோலும் சீயக்காயும் மிதிபட்ட வாசனை. இன்றைக்கும் யாராவது நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்தால் எனக்கு முதலில் குளிர்தான் அடிக்கும். பெண்கள் பக்கத்தில் ஒரு கையை அம்மாவும் ஒரு கையை நானும் பிடித்துக்கொண்டு அக்காவை அருவிக்குள் தள்ளுவோம். தண்ணீரா அது? அறை. முதுகில் அறை, தோளில் அறை. பக்கத்தில் ஒரு பெண்ணைச் சேலையால் இடுப்பில் கட்டி இரண்டு பேர் இழுத்துப் பிடித்திருப்பார்கள். அவள் போடுகிற கூச்சல் அருவிச் சத்தத்தில் கேட்காது, வாய் திறந்து மூடுவது மட்டும் தெரியும்.

ஒருநாள் பாறையில் உட்கார்ந்து தலை துவட்டும்போது அக்கா அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் காதருகில் வந்து கேட்டாள்: “ஏட்டி, எனக்குமா பைத்தியம்?”

மாதக்கணக்கில் பேசாதவள் பேசிய முதல் பேச்சு. நான் அழுதுவிட்டேன். “இல்லட்டி, ஒனக்கு ஒண்ணுமில்ல” என்றேன். “பெறவு எதுக்கு என்னைய இந்தக் குளிருல போட்டு அடிக்கிய?” என்றாள். நான் துண்டை வாங்கி அவள் தலையைத் துவட்ட ஆரம்பித்தேன்.

வைத்தியர் ஒருவர் புளியாரையை மோரில் அரைத்துக் கொடுக்கச் சொன்னார். பித்தத்துக்கு நல்லது என்றார். அருவிப் பாதையில் பாறை இடுக்கெல்லாம் அதுதான். அக்காவே குனிந்து பறிக்க ஆரம்பித்தாள். இலையோடு வேரையும் கொடியையும் சேர்த்து மடியில் கட்டிக்கொண்டு வருவாள். வீட்டில் உடைந்த மாட்டுத் தொட்டி ஒன்று கிடந்தது. அதில் மணலும் சாணமும் கலந்து போட்டு ஒவ்வொரு கணுவாக அழுத்தி வைத்தாள். “களைக்குப் போயி பாத்தி கட்டுதாளே” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். களையென்றாலும் ஆள் கவனித்தால் அதன் முகமே வேறு. இலை காசு அகலத்துக்கு வந்தது. நுனியைக் கிள்ளக் கிள்ள அடர்ந்தது. பூ விடாமல் கிள்ளிவிட்டால் இலை முற்றாது என்று அவளாகவே கண்டுபிடித்தாள். காலையில் எழுந்ததும் பின்கட்டுக்கு ஓடுவாள். மெல்ல மெல்லச் சாப்பிட்டாள், சண்டை போட்டாள், என் ஜடையைப் பிடித்து இழுத்தாள். நான் அப்போது டிரெயினிங் முடித்து எலிமெண்டரி ஸ்கூலில் சேர்ந்த புதுசு. “டீச்சரம்மா, புளியாரைக்கு எத்தனை எல? கையை நீட்டு, தப்பாச் சொன்னா அடி” என்பாள்.

அருவி தெளிவித்ததா, மோர் தெளிவித்ததா, உடைந்த தொட்டி தெளிவித்ததா, நான் கண்டேனா? தெளிந்தாள். அது போதாதா?

அவள் செய்கிற புளியாரைத் துவையலுக்குத் தெருவில் கிராக்கி. இலையை நல்லெண்ணெயில் வதக்கி, மிளகாய் வற்றல், உளுந்தம்பருப்பு, ஒரு துண்டு பெருங்காயம். புளி வேண்டாம், அதுவே புளி. பருப்போடு சேர்த்தும் கடைவாள். எல்லாம் மண்சட்டியில்தான். புளிப்புச் சாமானைப் பித்தளையில் வைத்தால் பச்சையாகக் களிம்பு ஏறும், களிம்பு வயிற்றைக் கலக்கும் என்பது எங்கள் பக்கத்தில் பாவாடை கட்டிய பெண்ணுக்கும் தெரியும். பித்தளையில் சமைப்பதானால் உள்ளே ஈயம் பூசியிருக்க வேண்டும். ஈயம் தேயத் தேய மறுபடி பூச வேண்டும். கடையநல்லூரிலிருந்து ஒருவர் துருத்தியும் கரியும் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக வருவார், ஊரே பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும். மழை பிடித்துவிட்டால் அவர் வரமாட்டார், தெருவில் கரி பற்றவைக்க முடியாதே.

ஆவணியில் அத்தான் வந்தார். அக்கா புருஷனைத்தான் சொல்கிறேன். அமைதியான மனுஷர். அமைதியை நான் அப்போது நல்ல குணம் என்று நினைத்திருந்தேன். அக்கா பரிமாறிய துவையலை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவளுக்கு முகம் கொள்ளாத சிரிப்பு. போகும்போது தேங்காய்ச் சிரட்டைகளில் ஈரமண் போட்டுப் புளியாரைக் கொடியை வேரோடு வைத்து, கூடையில் அடுக்கி எடுத்துக்கொண்டாள். சீர் வரிசை மாதிரி அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். பஸ் நகர்ந்ததும் அம்மா மாலைமாலையாகக் கண்ணீர் விட்டாள், சந்தோஷத்தில்.

ஐப்பசி மழையில் நடந்தது இது. சிவகிரி வீட்டுக் கிணற்றடியில் கொடி நன்றாகப் பிடித்திருக்கிறது. அத்தான் ஆசைப்பட்டு, “அன்னைக்கு ஒங்க வீட்டுல தின்னோம்லா, அந்தக் கீரைய வையி” என்று கேட்டிருக்கிறார். கேட்டது அவர்தான், இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அக்கா மாமியாரிடம் போய், “அத்த, ஒரு மண்சட்டி வேணும்” என்றிருக்கிறாள். மாமியாருக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. “மண்சட்டியா? எங்க வீட்டுல நாய்க்குத்தான் மண்சட்டியில ஊத்துவோம். ஒங்க அப்பன் வீட்டு வழக்கத்தை இங்கன கொண்டாராத” என்றாளாம். அக்கா மறுபடியும் கேட்டிருக்கிறாள். அத்தான் அங்கேயே ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. மாமியார் எடுத்துக்கொடுத்த பித்தளைப் பானையில்தான் அக்கா கீரையைக் கடைந்தாள். மழையால் ஈயம் பூசுகிறவர் மாதக்கணக்கில் வரவில்லை. சாயங்காலம் செய்தது ராத்திரி முழுக்க அந்தப் பானையிலேயே இருந்தது. காலையில் பழையதுக்குத் தொட்டுக்கொண்டு வீட்டில் எல்லாரும் சாப்பிட்டார்கள். கடைசியாக உட்கார்ந்த அக்காவுக்கு மிச்சம் இல்லை. அவள் வெறும் பழையதைக் குடித்தாள்.

மத்தியானத்துக்குள் வீடே வாந்தி. யாருக்கும் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, பொழுது சாயும்போது எல்லாரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் தெரு முழுக்கப் பேச்சு போய்விட்டது: பைத்தியக்காரி சோற்றில் விஷம் வைத்துவிட்டாள், அவள் மட்டும் தின்னவில்லை.

வேறு எந்த வீட்டில், வேறு எந்த மருமகள் கையால் நடந்திருந்தாலும் களிம்பு என்றிருப்பார்கள். பானையைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, மோர் குடித்துவிட்டு, “அந்த ஈயக்காரன் எங்கன போய்த் தொலஞ்சான்” என்று திட்டிவிட்டு அன்றோடு மறந்திருப்பார்கள். குற்றால அருவியில் ஒரு மண்டலம் நின்றவள் என்பதால் யாருக்கும் களிம்பு ஞாபகம் வரவில்லை.

ஆள் வந்து சொன்னதும் அப்பாவும் நானும் போனோம். நான்தான் அடம்பிடித்துக் கூடப் போனேன். அக்கா அடுப்படி மூலையில் உட்கார்ந்திருந்தாள். நடந்ததைத் துண்டு துண்டாக என்னிடம் சொன்னாள். நான் யாரையும் கேட்காமல் அந்தப் பானையை எடுத்துக்கொண்டு முற்றத்து வெளிச்சத்துக்கு வந்தேன். உள்ளே ஈயம் பேருக்குக்கூட இல்லை. விளிம்புக்குக் கீழே பச்சைப் பச்சையாகப் பூத்திருந்தது.

“இதுல ஈயமே இல்லையே. களிம்பு ஏறிருக்கு, பாருங்க” என்றேன்.

“இத்தன வருசமா இதுலதான் பொங்குதோம். ஒங்க அக்கா வாரதுக்கு முன்னால யாருக்காவது ஒண்ணு ஆச்சா?” என்றாள் மாமியார்.

நான் ஊஞ்சல் பக்கம் திரும்பினேன். “அத்தான், அக்கா மண்சட்டி கேட்டாளாம்லா? நீங்க இங்கனதான இருந்தீய? சொல்லுங்க.”

அத்தான் முற்றத்து மழையைப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்ப்பார் ஒரு மனுஷர்? பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த ஊஞ்சல் சங்கிலியைக் கழற்றி அவர் மண்டையில் போட்டிருந்தால் எனக்கு இத்தனை வருஷம் நெஞ்சு எரிந்திருக்காது.

“வேலைக்குப் போற பொட்டச்சி, வாய் நீளத்தான் செய்யும்” என்றாள் மாமியார். அப்பா என் கையிலிருந்து பானையை மெதுவாக வாங்கிக் கீழே வைத்தார். “கோமு, சேலைய எடுத்துக்க. போவோம்” என்றார். பஸ்ஸில் வாசுதேவநல்லூர் தாண்டியதும் என்னிடம் மட்டும் சொன்னார்: “சத்தம் போடாதம்மா. ஒனக்கும் ஒரு இடம் பாக்கணும்லா.” அவ்வளவுதான் அவர் வழக்காடிய வழக்கு. அவரைக் கோபித்துக்கொள்ளவும் என்னால் முடியவில்லை. அடுத்த தையில் அத்தானுக்கு வேறு கல்யாணம் நடந்தது. முதல் பெண்டாட்டி இருக்கும்போது அப்படிச் செய்யக்கூடாது என்று சட்டம் வந்துவிட்டதாக அப்போதே பேப்பரில் போட்டிருந்தார்கள். சிவகிரிக்குப் பேப்பர் வரவில்லை போலிருக்கிறது.

மறு வருஷம் சாரல் ஆரம்பித்ததும் அம்மா மறுபடி வண்டி பேசினாள். இந்தத் தடவை அக்காவைப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. நில் என்றால் நின்றாள். வா என்றால் வந்தாள். மோரில் புளியாரையை அரைத்து அம்மா நீட்டியபோது மட்டும் டம்ளரைத் தட்டிவிட்டாள். வீட்டுக்கு வந்து தொட்டியிலிருந்த கொடியை எல்லாம் வேரோடு பிடுங்கித் தெருவில் எறிந்தாள். அப்புறம் துவைக்கிற கல்லைச் சுற்றி. அப்புறம் சுவரோரம். ஒரு இலையை விடவில்லை. மறுநாள் மழை பெய்தது. நாலாம் பக்கமும் மறுபடி தலை காட்டியது. மறுபடி பிடுங்கினாள். பிடுங்கும்போதே காய் வெடித்து விதை தெறிக்கும். நேற்றுப் பிடுங்கிய இடத்தைவிட இன்றைக்குப் பிடுங்க வேண்டிய இடம் அதிகமாகும். நான் சொல்லிப் பார்த்தேன், “விடுட்டி, அது போகாது” என்று. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காலையில் காப்பி குடித்ததும் உட்கார்வாள், வெயில் ஏறும்வரைக்கும் பிடுங்குவாள். அவள் விரல் நகங்களில் எப்போதும் பச்சைக் கறை இருக்கும்.

யார் வீட்டுக்கு வந்தாலும் அக்கா ஒரே பேச்சுத்தான் பேசுவாள். “மண்சட்டி கேட்டேம்லா. நான் மண்சட்டிதான கேட்டேன்?”

முதலில் அம்மா, “ஆமாம்மா, கேட்ட, கேட்ட” என்பாள். பிறகு பதில் சொல்வதை விட்டுவிட்டாள். வந்தவர்கள், “பாவம், என்னத்தையோ ஒளறுதா” என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போவார்கள். அந்த விவகாரத்தில் யாராவது சுய புத்தியோடு ஒரு வார்த்தை பேசியிருந்தார்கள் என்றால் அது அந்த வார்த்தைதான். எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? என்னைப் பெண் பார்க்க வந்தபோது அக்கா சிவகிரியில் புருஷன் வீட்டில் சௌக்கியமாக இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு, பின்கட்டுக் கதவைச் சாத்தினார்கள். நான் மெட்ராஸுக்கு வந்துவிட்டேன். கோடை லீவுக்குப் போகும்போதெல்லாம் அவள் அங்கேயே, அதே கல்லடியில், தலை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நரைத்தபடி உட்கார்ந்திருப்பாள்.

அம்மா போய், அப்பா போய், ஒரு சாரல் காலத்தில் அக்காவும் போய்ச் சேர்ந்தாள். காரியத்துக்குப் போயிருந்தேன். பிடுங்க ஆள் இல்லாத அந்தப் பின்கட்டு, பதினாறாம் நாளுக்குள் கல் தெரியாமல் பச்சையாக மூடியிருந்தது. எல்லாம் பூத்திருந்தது. எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை, உள்ளே வந்துவிட்டேன்.

இப்போது அந்த வீடு இல்லை. அருவிக்கு வருகிறவர்கள் தங்க லாட்ஜ் கட்டிவிட்டார்கள், பின்கட்டில் சிமெண்ட் போட்டுக் கார் நிறுத்துகிறார்கள். குதிரை வண்டி இல்லை. ஈயம் பூசுகிறவர் இல்லை, பூசுவதற்குப் பாத்திரமும் இல்லை. சிவகிரிப் பித்தளையெல்லாம் எடைக்குப் போனதாகக் கேள்வி. அருவியில் கம்பி கட்டி வரிசையில் விடுகிறார்கள். புத்தி கலங்கியவர்களை யாரும் அங்கே கொண்டுபோய் நிறுத்துவதில்லை, மாத்திரை வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் மண்சட்டி கேட்டதற்கு மாத்திரை என்ன செய்யும்?

ஓட்டலில் மகன் கார்டைக் கொடுத்துவிட்டு எழுந்துவிட்டான். மருமகள் என் செருப்பைத் தேடிக் காலருகில் வைத்தாள். பரிமாறுகிற பையன் தட்டுகளை அடுக்கிக்கொண்டே என் முன்னால் இருந்த சின்ன மண்சட்டிக்குக் கை நீட்டினான். நான் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டேன்.

“மேடம், எடுத்துக்கலாமா?” என்றான்.

“இருக்கட்டும் தம்பி.”

“காலியாத்தானேம்மா இருக்கு, விடுங்க” என்றான் மகன்.

காலியாகத்தான் இருந்தது. அக்கா ஆயுசு பூராவும் கேட்டுக்கொண்டிருந்தது, நான் கேட்காமலே என் முன்னால் வந்திருந்தது. விட்டுவிட்டு எழுந்தேன்.